கருஞ்சிவப்புத் துண்டு: இரத்த மூலம் கண்ட ஒரு பஸ் ஓட்டுநரின் ஏழு மாதச் சிகிச்சைக் குறிப்பு

வயது 47. ஆண். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு இரவு பஸ் ஓட்டுபவர். புரட்டாசிக் கடைசியில் மனைவியோடு வந்தார். மூச்சு வாங்குகிறது, பஸ்ஸில் ஏறும்போது இரண்டாம் படியில் நின்றுவிட வேண்டியிருக்கிறது, கண் இருட்டுகிறது என்றார். மூலம் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் தாள் போலிருந்தது. மலத்தில் இரத்தம் போகிறதா என்று கேட்டதற்கு, "எப்போதாவது" என்றார்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எப்போதாவது இல்லை டாக்டர். ஒரு வருஷத்துக்கு மேலாக ஓட்டுகிற இருக்கையில் கருஞ்சிவப்புத் துண்டு ஒன்றை நான்காக மடித்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறார். வாரம் இரண்டு முறை அதை நான்தான் அலசுகிறேன். வெள்ளைத் துண்டு கொடுத்தால் வேண்டாம் என்கிறார்." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் கேட்க வேண்டாம். சல்லிய தந்திரம், அதாவது ஆயுர்வேத அறுவைப் பிரிவு, முதுகலை வரை படித்து, கன்னியாகுமரி மாவட்டத்தில் சிறிய மருத்துவமனை நடத்துகிறவன் நான். நன்றாக முடிந்த கேஸ் என்பதற்காக இதை எழுதவில்லை. நடுவில் ஒரு தவறு நடந்தது. அதில் என் பங்கும் உண்டு.

விரலும் விளக்கும்

ஒன்றரை வருடத்தில் மூன்று இடங்களுக்குப் போயிருக்கிறார். மூன்று இடத்திலும் மருந்து கொடுத்திருக்கிறார்கள், ஓரிடத்திலும் ஆசனவாயைப் பரிசோதிக்கவில்லை. நோயாளி கூச்சப்பட்டார் என்பார்கள். கூச்சம் நோயாளிக்கு மட்டும்தானா என்பது என் சந்தேகம். நம் ஊரில் ஆசனவாயில் எது வந்தாலும் 'மூலம்' என்ற ஒரே பெயர்தான். வெடிப்பும் மூலம், பௌத்திரமும் (ஆசனவாய்க்கு அருகே சீழ் வடியும் புரை) மூலம், புற்றுநோயும் பல மாதங்கள் மூலமாகவே இருந்துவிட்டு வரும்.

இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து விரல் பரிசோதனை செய்தேன். கட்டி ஏதும் தட்டுப்படவில்லை. வெடிப்பு இருந்தால் விரல் பட்டதும் கத்தி கீறியது போல வலிக்கும். இவருக்கு வலியே இல்லை. வலியில்லாமல், மலத்தோடு கலக்காமல், கடைசியில் சொட்டுச் சொட்டாக விழும் செக்கச் சிவந்த இரத்தம் பெரும்பாலும் உள்மூலத்தின் அடையாளம்.

பிறகு புரொக்டோஸ்கோப், ஆசனவாயின் உட்புறத்தைப் பார்க்கும் குழாய்க் கருவி. இந்தக் கருவியை எடுக்கும்போதெல்லாம் ஆயுர்வேத அறுவை மருத்துவத்தின் பழைய ஆசிரியர் சுசுருதர் நினைவுக்கு வருவார். அவர் சொல்லும் அர்சோயந்திரம் பசுவின் காம்பு வடிவம், நான்கு விரற்கடை நீளம். சுற்றளவு ஆணுக்கு ஐந்து விரற்கடை, பெண்ணுக்கு ஆறு. என் கையிலிருந்தது எவர்சில்வர் என்பதைத் தவிரப் பெரிய வித்தியாசமில்லை. கடிகார முள் கணக்கில் 3, 7, 11 ஆகிய மூன்று இடங்களிலும் முளைகள் இருந்தன. 3-உம் 7-உம் இரண்டாம் நிலை: முக்கினால் வெளியே வரும், தானாக உள்ளே போகும். 11 மூன்றாம் நிலை: வெளியே வந்தால் கையால் தள்ளினால்தான் உள்ளே போகும். தலைப்பாகம் சிவந்து, பஞ்சு பட்டாலே இரத்தம் கசிந்தது.

ஹீமோகுளோபின் 8.1. சர்க்கரை, சிறுநீரகம், ரத்த அழுத்தம் சரி. வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவர், இவ்வளவு சோகை. மூலம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக மேலே வேறொன்று இல்லை என்று ஆகிவிடாது. பெருங்குடலை உள்ளே பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு அனுப்பினேன். "ஆயுர்வேத டாக்டர் எதற்கு இதைக் கேட்கிறார்?" என்று அவருடைய அண்ணன் கேட்டாராம். பத்து நாளில் முடிவு வந்தது: மூலத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. அதுவரை கஷாயம் எதையும் நான் தொடங்கவில்லை. நார்ச்சத்து, மோர், இரும்புச்சத்து மாத்திரை, இவ்வளவுதான்.

எதைக் கொடுத்தேன், எதைக் கொடுக்கவில்லை

மூலத்துக்கு ஆயுர்வேதம் வைத்த பெயர் அர்சஸ். பகைவனைப் போல வதைக்கும் தசை முளை என்று பொருள் விரிப்பார் இன்னொரு பழைய ஆசிரியரான வாக்படர். சுசுருதர் எளிதில் தீராத எட்டுப் பெருநோய்களில் இதையும் சேர்த்திருக்கிறார். மருந்து, காரம் (மூலிகைச் சாம்பலிலிருந்து எடுத்து முளையைப் பொசுக்கும் பொருள்), சூடு, கத்தி என்று நான்கு வழிகளையும் அவரே சொல்கிறார். 'ஆபரேஷன் இல்லாமல் மூலம் குணமாகும்' என்று பலகை மாட்டுகிறவர்கள் இந்த நான்கில் ஒன்றை மட்டும் படித்தவர்கள்.

மருந்து என்ற முதல் வழிக்கு, அஷ்டாங்க ஹிருதயத்தில் வாக்படரின் ஒற்றைச் சுலோகம் ஒன்றே எனக்குப் போதும். உலர்ந்த மூலத்துக்குச் சேராங்கொட்டை, ஈரமான மூலத்துக்குக் குடசப்பாலைப் பட்டை, எல்லா மூலத்துக்கும் எல்லாப் பருவத்திலும் மோர். இவருக்கு இரத்தம் போகிறது, ஆகவே ஈரம், ஆகவே குடசப்பாலை. கேட்பதற்கு எளிது. கடையில் வாங்குவதுதான் பாடு. குடசப்பாலை கேட்டால் வெட்பாலைப் பட்டையைக் கட்டிக் கொடுப்பார்கள். இரண்டும் பால் வடியும் மரங்கள், பெயரிலும் 'பாலை' இருக்கிறது. நாக்கில் வைத்தால் ஓரளவு தெரியும்: குடசப்பாலையின் கசப்பு நெடுநேரம் போகாது. நான் பட்டையை இடிக்காமல் முழுதாகத்தான் வாங்குவேன். பொடியாக்கிவிட்டால் எந்த மரம் என்று யாருக்குத் தெரியும்?

15 கிராம் பட்டையை 240 மில்லி தண்ணீரில் போட்டு 60 மில்லியாகச் சுண்டவைத்து, காலையும் மாலையும் 30 மில்லி, சாப்பாட்டுக்கு முன். குடசப்பாலை இரத்தத்தை மட்டும் கட்டாது, மலத்தையும் கட்டும். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படியே. மலம் இறுகினால் முக்குவார், முக்கினால் முளை வெளியே வரும், மறுபடி இரத்தம். எனவே இரவில் இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி இரண்டு தேக்கரண்டி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் இசப்கோலே அடைப்பாகிவிடும் என்று இரண்டு முறை சொன்னேன்.

வழக்கமாக மூலத்துக்கு எழுதும் அபயாரிஷ்டமும் தக்ராரிஷ்டமும் இவருக்கு இல்லை. அரிஷ்டங்கள் புளிக்கவைத்துச் செய்பவை, தானாக உண்டாகும் சாராயம் அவற்றில் இருக்கும். இவர் பணிக்கு ஏறும் முன் குழாயில் ஊத வேண்டியவர். மருந்து குடித்துவிட்டு ஊதி, வேலையை இழந்து, மூலம் குணமாகி என்ன பயன்? இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பல வருடங்களுக்கு முன் வேறொரு ஓட்டுநர் வந்து சத்தம்போட்டபோதுதான் கற்றுக்கொண்டேன்.

மோர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாதமும் கபமும் மிகுந்த மூலத்துக்கு மோரைவிட மேலான மருந்து இல்லை என்பது மற்றொரு பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகரின் வாக்கு. ஏழு நாள், பத்து நாள், பதினைந்து நாள், ஒரு மாதம் என்று கணக்கும் சொல்கிறார். பானையின் உட்புறம் கொடிவேலி வேர்ப்பட்டையை அரைத்துப் பூசி, அதில் உறைந்த தயிரைக் கடைந்து குடிக்கச் சொல்கிறார். அந்தப் பானை வித்தையை இவருக்கு நான் செய்யவில்லை. கொடிவேலி கடும் சூடு, கசிந்துகொண்டிருக்கும் முளைக்கு ஆகாது. வெண்ணெய் எடுத்த நீர்மோர், வறுத்த சீரகம், இந்துப்பு, நாளொன்றுக்கு நான்கு டம்ளர். எடுத்த வெண்ணெயையும் வீணாக்கவில்லை. வெண்ணெயோடு எள்ளைச் சேர்த்து வழக்கமாக உண்டுவந்தால் இரத்த மூலம் தணியும் என்பதும் சரகரில் உண்டு. காலையில் ஒரு நெல்லிக்காய் அளவு. இந்த ஒரு மருந்தை மட்டும் அவர் ஒருநாளும் தவறவிடவில்லை!

சரகர் பேச்சை ஓரிடத்தில் நான் கேட்கவில்லை. கெட்ட இரத்தத்தை எடுத்த எடுப்பில் நிறுத்தாதே, நிறுத்தினால் காய்ச்சல், பசியின்மை, காமாலை என்று வேறு நோய்கள் வரும் என்கிறார். உடனே நிறுத்த வேண்டிய நிலைகளையும் அவரே தனியாகச் சொல்லியிருப்பதைப் பலர் படிப்பதில்லை. ஹீமோகுளோபின் 8.1 இருப்பவரிடம் "கெட்ட இரத்தம் போகட்டும்" என்று சொல்ல எனக்கு நா எழாது.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் மோர், தேநீர், திரிபலா ஆகியவற்றுக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி. கழிப்பறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது, கைபேசியை வெளியே வைக்க வேண்டும். திரிபலா கஷாயத்தை வெதுவெதுப்பாகத் தொட்டியில் ஊற்றிப் பத்து நிமிடம் இடுப்புக் குளியல், வீட்டில் இருக்கும் நாட்களில். வழியில் பரோட்டாவுக்குப் பதில் இட்லி. இது பாதி நாள்தான் நடந்தது என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

ஓட்டுநர் தொழிலின் உண்மையான சிக்கல் உட்காருவது மட்டுமல்ல, அடக்குவது. மாலை ஐந்து மணிக்கு வண்டி எடுத்தால் உந்துதல் எப்போது வந்தாலும் அடுத்த நிறுத்தம் வரை அடக்க வேண்டும். அதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லை. மலம் கல்லாகிவிடுகிறது. பணிக்கு முன் மூன்று மணிக்கே வெந்நீர் குடித்து ஒரு பழக்கத்தை உண்டாக்கச் சொன்னேன். மூன்று வாரத்தில் உடம்பு அந்த நேரத்துக்குப் பழகிவிட்டது.

தீபாவளி கழிந்த நான்காம் நாள்

பட்டைக் கஷாயம் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் சொட்டுவது நின்று, தண்ணீர் ஊற்றும்போது மட்டும் லேசான சிவப்பு. எனக்குள் ஒரு பெருமை எட்டிப்பார்த்தது. தீபாவளி கழிந்த நான்காம் நாள் அதிகாலையில் மனைவி தொலைபேசியில் அழைத்தார். உதட்டோரம், முழங்கையின் உட்புறம், தொடையிடுக்கு எங்கும் சிவந்து தடித்திருக்கிறது, இரத்தம் மறுபடி சொட்டுகிறது.

நேரில் வந்தபோது கையில் ஒரு லேகிய டப்பா. மைத்துனர் அன்போடு ஒரு நாட்டுமருந்துக் கடையில் வாங்கித் தந்தது. தீபாவளி லேகியத்தோடு லேகியமாக, நான்கு நாளாகக் காலையும் இரவும் கோலிக்குண்டு அளவு விழுங்கியிருக்கிறார். டப்பாவின் ஒட்டுத்தாளில் பொடி எழுத்தில் சரக்குகளின் பட்டியல். மூன்றாவது பெயர் சேராங்கொட்டை.

மேலே சொன்ன சுலோகத்தின் முதல் வரி அது: உலர்ந்த மூலத்துக்கு. கடைக்காரர் நூலுக்கு வெளியே ஒன்றும் கொடுத்துவிடவில்லை, வேறு நோயாளிக்கு உரியதை இவருக்குக் கொடுத்துவிட்டார். சேராங்கொட்டையின் எண்ணெய் தோலைப் பொசுக்கும். வண்ணார் துணிக்குக் குறி போட்ட கொட்டை இதுதான். நச்சை நீக்கும் சுத்தி செய்யாமலோ அரைகுறையாகச் செய்தோ உள்ளே கொடுத்தால் தோல் தடிக்கும், வயிறு எரியும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஒழுங்காகச் சுத்தி செய்ததுகூட சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

லேகியத்தை நிறுத்தி, தேங்காய்ப்பால் குடிக்கவும் தேங்காயெண்ணெய் தடவவும் சொல்லி, அன்றே தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். சிறுநீரகச் சோதனை மீண்டும் எடுத்தோம், சரியாக இருந்தது. தடிப்பு ஒன்பது நாளில் வற்றியது. இரத்தம் நிற்க மேலும் பதினாறு நாள் ஆனது.

என் தவறு இது. என்ன சாப்பிட வேண்டும், எதைச் சாப்பிடக் கூடாது என்று சீட்டில் பதினொரு வரி எழுதியிருந்தேன். 'வேறு எந்த லேகியமும் சூரணமும் வேண்டாம்' என்ற பன்னிரண்டாவது வரி அதில் இல்லை. பச்சிலை தானே, ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் எவ்வளவு ஆழம் என்பது தெரிந்தும் எழுதாமல் விட்டேன்.

நூறு எண்ணும் நேரம்

மார்கழி பிறக்கும்போது இரத்தம் நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. ஹீமோகுளோபின் 10.2. புரொக்டோஸ்கோப்பில் 3-உம் 7-உம் சுருங்கியிருந்தன. 11 மட்டும் அப்படியே. இரத்தம் நின்றதே தவிர, மலம் கழித்ததும் வெளியே வருவதும் விரலால் தள்ளுவதும் மாறவில்லை. கஷாயமும் மோரும் வீங்கியதை வற்றவைக்கும், கசிவதை நிறுத்தும். தளர்ந்து தொங்கிவிட்ட தசையை மேலே ஏற்றி ஒட்டவைத்ததாக நான் ஒருமுறையும் பார்த்ததில்லை.

முளையின் அடியை இறுக்கி உதிரவைக்கும் ரப்பர் வளையம் போட்டுக்கொள்ள அறுவை மருத்துவரிடம் போகலாம், அல்லது இங்கே காரம் பூசலாம் என்று இரண்டையும் சொன்னேன். வளையம் போடுவது எளிது, 1960-களிலிருந்து உலகெங்கும் செய்கிறார்கள், பலருக்கு நானே அதற்குச் சீட்டு எழுதியிருக்கிறேன். அவர் காரத்தைத் தேர்ந்தார். காரநூல் ஏன் கட்டக்கூடாது என்று அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. கள்ளிப்பாலும் நாயுருவிக் காரமும் மஞ்சளும் பூசிய அந்த நூலின் பெயர் பரவியதற்குக் காரணம் பௌத்திரம். 1991-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பல்மைய ஆய்வும் பௌத்திரத்தைப் பற்றியதே: ஆறுவதற்கு அறுவையைவிட அதிக வாரங்கள், திரும்ப வருவது குறைவு. அதை மூலத்துக்குச் சான்றாகக் காட்டும் துண்டுப்பிரசுரங்களைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

தை மாதம், ஹீமோகுளோபின் 11.6 ஆன பிறகு நாள் குறித்தோம். மரத்துப்போக ஊசி போட்டு, பக்கத்தில் திறப்புள்ள புரொக்டோஸ்கோப்பை நுழைத்து, 11-ஆம் முளை மட்டும் திறப்பில் பிதுங்கி நிற்கும்படி திருப்பினேன். சுற்றிலும் நல்ல தோல் கெடாமலிருக்க நெய் தோய்ந்த பஞ்சு. நாயுருவியை எரித்த சாம்பலைக் கரைத்து, பலமுறை வடிகட்டிக் காய்ச்சி எடுத்த காரம் சாம்பல் நிறக் களிம்பாக இருக்கும். தட்டைக் கரண்டியால் முளைமேல் பூசி, கருவியின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நூறு எண்ண வேண்டும். மூடச் சொன்னதும் நூறு எண்ணச் சொன்னதும் சுசுருதர். என் உதவியாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், நான் எண்ணுவேன்.

கையை எடுத்தால் சிவப்பு போய், பழுத்த நாவல்பழத்தின் கருநீலம் வந்திருக்க வேண்டும். முதல் தடவை பாதிதான் வந்தது, ஓரம் சிவப்பாகவே இருந்தது. துடைத்து இரண்டாம் முறை பூசினேன். இந்தத் தடவை முழுதாகக் கறுத்தது. எலுமிச்சைச் சாறு ஊற்றியதும் நுரைத்தது. காரத்தைப் புளிப்பு அடக்குகிறது. பிறகு அதிமதுரம் சேர்த்துக் காய்ச்சிய நெய். பூசியது முதல் நெய்யிட்டது வரை பதினைந்து நிமிடம் ஆகியிருக்காது.

அன்றிரவு நன்றாகவே வலித்தது. 'வலியில்லாத சிகிச்சை' என்று இதை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐந்தாம் நாளிலிருந்து பழுப்பு நீர் வடிந்து, ஒன்பதாம் நாளுக்குள் கருகிய பகுதி உதிர்ந்தது. புண் ஆற மொத்தம் மூன்றரை வாரம். அதுவரை பணி விடுப்பு, தினமும் இருவேளை இடுப்புக் குளியல், புண் ஆற்றும் ஜாத்யாதி தைலம்.

எது குணப்படுத்தியது?

குடசப்பாலையா, இசப்கோலா, மோரா, மூன்று மணிக்குக் குடித்த வெந்நீரா? இந்த ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தேன். தனித்தனியாகக் கொடுத்துப் பார்க்க இவர் ஆய்வுக்கூட எலி அல்ல. நார்ச்சத்து மட்டுமே கொடுத்துப் பார்த்த 7 ஆய்வுகளை, மொத்தம் 378 நோயாளிகளை, 2005-இல் மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் குழு தொகுத்துப் பார்த்தபோது இரத்தப்போக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. எனவே இசப்கோலுக்கு உரிய பங்கைப் பட்டைக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை. பன்னிரண்டே நாளில் சொட்டுவது நின்றதில் குடசப்பாலைக்கும் பங்குண்டு என்பது என் ஊகம். இதற்கு முன்னும் அப்படிப் பார்த்திருக்கிறேன். ஊகத்துக்கு மேல் அதை ஏற்றிச் சொல்ல மாட்டேன். சோகையைத் தீர்த்தது இரும்புச்சத்து மாத்திரை. அதில் சந்தேகமே இல்லை.

வேறொரு மருத்துவர் இதே நோயாளிக்குச் சேனைக்கிழங்கை முதலில் வைத்திருப்பார். அதன் வடமொழிப் பெயர்களில் ஒன்றே அர்சோக்னம், மூலத்தை அழிப்பது. நானும் மார்கழிக்குப் பிறகு வாரம் இரண்டு நாள் சேர்க்கச் சொன்னேன், புளிக்கரைசலிலோ மோரிலோ ஊறவைத்து நன்கு வேகவைத்து. ஊசி போன்ற படிகங்கள் உள்ளதால் அரைவேக்காடாகத் தின்றால் தொண்டை அரிக்கும், மறுநாள் வேறிடமும் அரிக்கும். இங்கே ஒரு குழப்பம்: சிலர் சேனை என்பதைச் சிலர் கருணை என்கிறார்கள், பிடிகருணை வேறு கிழங்கு. சித்த மருத்துவத்தின் கருணை லேகியமும் ஆயுர்வேதத்தின் சூரண வடகமும் (இங்கே சூரணம் என்பது பொடியல்ல, சேனையின் வடமொழிப் பெயர்) ஒன்றென்று நினைத்து இரண்டையும் சேர்த்து விழுங்கியவர்கள் உண்டு.

வைகாசிக் குறிப்பு

ஏழு மாதம். ஹீமோகுளோபின் 13.1. 11-ஆம் இடத்தில் தழும்பு மட்டும். 3-உம் 7-உம் முதல் நிலையில், முற்றிலும் போகவில்லை. சித்திரையில் தொடர்ந்து இரண்டு இரவு வண்டி ஓட்டி, நடுவில் ஒரு கல்யாண விருந்தும் சாப்பிட்டதில் ஒருநாள் இரத்தம் எட்டிப்பார்த்திருக்கிறது. தானாக நின்றுவிட்டது. இசப்கோல் தொடர்கிறது. கஷாயம் மாசியோடு நிறுத்தியாயிற்று. வெண்ணெயும் எள்ளும் நான் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை, எடை மூன்று கிலோ கூடியிருக்கிறது.

துண்டு என்னவாயிற்று என்று மனைவியிடம் கேட்டேன். இன்னும் இருக்கையில்தான் கிடக்கிறதாம், அதே கருஞ்சிவப்பு. வியர்வைக்கு என்கிறாராம். அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது, எனக்கும் முழுதாக வரவில்லை. ஆவணியில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.